சின்னஞ்சிறு கழுத்துப்பட்டை



சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்று வீட்டில் இருந்தால் அதனைக் காதருகே வைத்துக் கேளுங்கள். அதன் துடிப்புகள் ஒரே சீராக ஒலிக்கின்றனவா? ஓர் இடைவெளி நீண்டும் அடுத்தது குறுகியும் ஒலித்தால், எள்ளளவே உள்ள ஒரு பித்தளை வளையம் சற்றே திரும்பியிருக்கக்கூடும். அவ்வளையத்திற்குக் காலெட் என்று பெயர். கழுத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சிறு கழுத்துப்பட்டை என்று நாம் சொல்லலாம்.

இப்பெயர் மூன்று தொழில்களுக்குப் பொது. முதலாவதைக் காணத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தல்லாகுளத்திலிருந்து வையையைக் கடந்து தெற்கு ஆவணி மூல வீதியை அடைந்தால் நகைக்கடைகள் நிறைந்திருக்கும். அங்கே கல் பதித்த தோடு ஒன்றை உற்று நோக்குங்கள். சில தோடுகளில் கல்லைச் சுற்றிலும் மெல்லிய பொன்விளிம்பு தழுவி நிற்கும். கல்லை உள்ளே வைத்தபின் விளிம்பை எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக அழுத்துவர். ஒரு முனையில் தொடங்கி வரிசையாக அழுத்திச் சென்றால் பொன் ஒருபுறம் திரளும், கல் சாயும்.

லேத் பட்டறையில் உள்ள காலெட்டோ எஃகுக் குழல். நீளவாட்டில் மூன்று பிளவுகளும், வெளியே கூம்பிய வடிவும் அதற்கு உண்டு. கூம்பிய துளைக்குள் அதனை இழுத்தால் பிளவுகள் நெருங்கி, உள்ளிருக்கும் கம்பியைச் சுற்றிலும் சமமாகப் பற்றும். மூன்று தாடைச் சக்கு எந்த அளவுக்கும் இசைந்து கொடுக்கும். எனினும் மூன்று இடங்களிலேயே கடிக்கும். காலெட் பிடிவாதக்காரன்! தனக்குரிய அளவன்றி வேறெதையும் செம்மையாகப் பிடிக்காது. கடிகாரம் பழுதுபார்ப்போரின் சிறு லேத்தில் 40 என்று எண்ணிட்ட காலெட் 4 மில்லிமீட்டர் கம்பிக்கு உரியது. 41 என்பது 4.1-க்கு. ஆகவேதான் பெட்டி நிறையக் காலெட்டுகளை வைத்திருக்கின்றனர்.

இனி நம் பித்தளை வளையத்துக்கு வருவோம். 1675-இல் ஹைகன்ஸ் என்னும் டச்சு அறிஞர் அலைவுச் சக்கரத்தோடு சுருள்வில்லை இணைத்த கடிகாரத்தை வெளிப்படுத்தினார். முடிபோன்ற அவ்வில்லின் உள்முனையைச் சக்கரத்தின் அச்சோடு பிணைப்பது காலெட்டே. ஆணியும் பசையும் இன்றி, இறுக்கத்தாலேயே அச்சைப் பற்றி நிற்கும். பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் அச்சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. அதாவது நொடிக்கு ஐந்து. காலெட் சிறிது திரும்பிவிட்டால் வில் ஓய்ந்திருக்கும் நிலை மாறி, ஒருபக்க வீச்சு மிகுந்து மறுபக்கம் குறையும். மிகுதியாகத் திரும்பினால் கடிகாரம் தானே ஓடத் தொடங்காது.

1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கிற்று. அக்கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆயினும் அதன் கடிகாரங்கள் இன்றும் பலர் கைகளில் ஓடுகின்றன. தாளம் தப்பியது வந்தால், பழுதுபார்ப்பவர் காலெட்டின் பிளவில் நுண்ணிய திருப்புளியை நுழைத்து, வில்லைத் தீண்டாமல், மயிரிழையளவு திருப்புகிறார். பிறகு மீண்டும் காதில் வைத்துக் கேட்கிறார்.