ஆஸ்பத்திரிக் கிருமியும் அன்டிபயோட்டிக் மருந்தும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், பேர், கொழுந்து நிறை என்று பேசிப் பழகிய நாம் இன்று ஆஸ்பத்திரி வாட்டைப் பற்றிப் பேசுகிறோம். நமக்கிருக்கும் ஒரே முதல் நம் உடம்பு. அது படுத்தால் வீடே படுத்துவிடும்.

நோய் தீரப் போன இடத்தில் புது நோய் தொற்றுவதும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் ஆஸ்பத்திரியில் தங்கும் 100 நோயாளர்களில் 15 பேருக்கு அங்கேயே ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. பணக்கார நாடுகளில் 7 பேருக்கு. கைச்சுத்தம் போன்ற செலவு குறைந்த முறைகளால் இதில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம்.

ஒப்பரேஷன் காயம், சேலைன் ஏற்றக் குத்திய ஊசி, சலம் போகப் போட்ட குழாய் ஆகியவை கிருமிக்குத் திறந்த வாசல்கள். கட்டிலுக்குக் கட்டில் அதைச் சுமப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். 1847இல் வியன்னா நகர ஆஸ்பத்திரியில், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டொக்டர்மாரை, செம்மல்வைஸ் என்ற வைத்தியர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் 100 தாய்மாரில் 18 பேர் இறந்தார்கள். ஜூனில் ஏறத்தாழ 2 பேர். அப்போது அன்டிபயோட்டிக் என்பதே இல்லை.

அன்டிபயோட்டிக் பக்டீரியாக் கிருமியைக் கொல்லும். தடிமன், டெங்கு போன்ற வைரஸ் நோய்களுக்கு அது உதவாது. எலிக்காய்ச்சல், நியுமோனியா என்றால் அதைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். ஆகவே மருந்துக்குப் பயப்படத் தேவையில்லை, வீணாக்கத்தான் கூடாது.

ஒவ்வொரு தடவையும் மருந்துக்குப் பலவீனமான கிருமிகள் சாகின்றன. தாக்குப்பிடித்தவை மிஞ்சிப் பெருகுகின்றன. நோயாளரும் மருந்தும் நிறைந்த வாட்டில் இது வேகமாக நடக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணித்துள்ளார்கள்.

நம் லயங்களில் நடப்பது என்ன? காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிட்டு மலைக்குப் போகிறோம். மிச்ச மாத்திரை பக்கத்துக் காம்பராவுக்குப் போகிறது. இதை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. கிளினிக்குக்குப் போக பஸ் காசு வேண்டும். அதனால்தான் இது தொழிற்சங்கத்தின் பிரச்சினையும் ஆகிறது.

நாம் செய்ய வேண்டியவை:

1. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவோம். கட்டிலில் உட்கார வேண்டாம்.

2. ஊசி குத்திய இடம் சிவந்தால், வீங்கினால், நொந்தால் தாதியிடம் உடனே சொல்வோம். குழாயை நாமாகத் தொட வேண்டாம். "இது இன்னும் தேவையா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

3. துண்டு வெட்டும்போது, மருந்தின் பெயர் என்ன, எத்தனை நாளைக்கு என்று கேட்டு, சொன்னபடி குடிப்போம். ஒத்துவராவிட்டால் டொக்டரிடம் திரும்பிப் போவோம். நாமாக நிறுத்த வேண்டாம்.

4. டொக்டரின் சீட்டு இல்லாமல் பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்க வேண்டாம். சட்டப்படியும் அதற்குச் சீட்டு வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒவ்வொரு வாட்டிலும், தோட்ட டிஸ்பென்சரியிலும் ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். வாட்டைக் கழுவித் துடைப்பவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளரே. அவர்களுக்குக் கையுறையும் போதிய ஆட்களும் வேண்டும். மருந்து விளக்கம் தமிழில் வேண்டும். டொக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்த நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது.

தலைவர்மாரே, தலைவிமாரே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பகுதி ஆஸ்பத்திரியில் இவற்றில் எது இல்லை என்று எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.