பழைய மின்னூல் கருவிக்குப் புதிய நினைவு அட்டை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'இடம் போதவில்லை' என்று ஒதுக்கிவைத்த மின்னூல் கருவி நம்மில் சிலர் வீட்டில் இருக்கும். திரையும் மின்கலமும் நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

முதலில் இடத்தை அடைப்பது எது என்று பாருங்கள். எழுத்துருவில் உள்ள ஒரு நாவல் பெரும்பாலும் 1 எம்பி அளவுதான். பக்கங்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப் நூல் 50 எம்பியைக்கூடத் தாண்டும். அவற்றை நீக்கினாலே சிலருக்குப் போதும்.

பழைய தமிழ் நூல்கள் பல ஸ்கேன் வடிவிலேயே கிடைக்கின்றன. அவை வேண்டுமென்றால் நினைவகத்தைப் பெரிதாக்கலாம். 2011-இல் வந்த கோபோ டச், 2012-இல் வந்த கோபோ குளோ ஆகியவற்றின் உள்ளே நினைவகமாக இருப்பது 2 ஜிபி மைக்ரோ எஸ்டி அட்டை. கைப்பேசியில் போடும் அதே வகை, கழற்றி மாற்றலாம். கிண்டிலில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் வீட்டில் மாற்ற இயலாது.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அந்த அட்டையில் புத்தகங்களோடு, கருவியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளும் இருக்கிறது. அதில் ஒரு பகுதி கோப்பாகவே தெரியாது. ஆகவே கோப்புகளை மட்டும் நகலெடுத்துப் போட்டால் கருவி இயங்காது. முழு அட்டையையும் அப்படியே படியெடுக்க வேண்டும்.

செய்முறை இதுதான். கருவியை அணைத்துவிட்டு, பின்மூடியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்புங்கள். மின்கலத்தில் கூர்மையான எதுவும் படக்கூடாது. நினைவு அட்டையைக் கணினியில் செருகியதும் விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கலாம். 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். வின்32 டிஸ்க் இமேஜர் மூலம் அட்டையைப் படியெடுத்து, 32 ஜிபி அட்டையில் எழுதுங்கள். இப்போதும் கருவி பழைய அளவையே காட்டும். ஜிபார்ட்டெட் போன்ற மென்பொருளால் கடைசிப் பகுதியை விரிவாக்கினால்தான் மீதி இடம் கிடைக்கும்.

பழைய அட்டையை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். புதியது பழுதானால் அதுவே கைகொடுக்கும்.

பிறகு தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலிருந்து நாட்டுடைமை நூல்களை இறக்கி, வகுப்பில் வையுங்கள். 6 அங்குலத் திரையில் ஸ்கேன் எழுத்து சிறிதாகத் தெரியும் என்பதால், பிள்ளைகளுக்கு எழுத்தைப் பெரிதாக்கும் வசதியுள்ள இபப் வடிவமே நல்லது. பெரிய எழுத்து கிடைத்தால் திணறி வாசிக்கும் பிள்ளையும் தயங்காமல் பக்கத்தைப் புரட்டும்.