பொழுது திரிந்தால் புள் என் செய்யும்?



நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, அவ்வந் நிலத்துப் புள்ளையும் மாவையும் மரத்தையும் கருப்பொருளாக அடக்கினார். முதல் திரிந்தால் கரு நிலைகொள்ளாது என்னும் உண்மை அவ்வைப்பிலேயே உண்டு. அதனைக் கண்ணாற் காண விரும்புவோர் மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியே பழவேற்காடு சென்றால் போதும்.

ஆரணியாறும் காளங்கியும் பொன்முகலியும் கொணரும் நன்னீரும், கழிமுகம் வழியே ஏறும் கடல்நீரும் கலந்த உவர்ப்பரப்பு பழவேற்காட்டு ஏரி. தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. துலை, நளி, சிலைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்கு மழையே அதன் உயிர். பூநாரை தன் அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்திச் சிற்றுயிர்களை அரித்துண்ணும். கால் ஊன்றி நிற்கத்தக்க ஆழமற்ற நீரே அதற்கு உண்கலம். மழை பொய்த்தால் சேறு வெடித்து உப்புப் பூக்கும். ஒரே கிழமையில் கொட்டித் தீர்த்தாலோ ஆழம் மிகும். இருவகையானும் பூநாரைக்குப் பசியே. 2015-இன் இறுதியில் பெருவெள்ளம். மறு ஆண்டே வடகிழக்கு மழை தமிழ்நாட்டில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. அவ்வறட்சியின் நடுவிலேயே 12-12-2016 அன்று வர்தா புயல் தாக்கிற்று! ஏரியின் வடபால் நேலப்பட்டில் நீர்க்கடம்பின்மேல் கூடு கட்டும் கூழைக்கடாவின் குஞ்சு பறப்பதற்கு ஏறத்தாழ மூன்று திங்கள் ஆகும். மழை பிந்தினால் கூடும் பிந்தும். குஞ்சு வளருமுன் குளம் வற்றும்.

தொலைவிலிருந்து வரும் புள்ளின் இடர் இன்னும் நுண்ணியது. சைபீரியாவினின்று வரும் உள்ளான் போன்றவற்றிற்குப் புறப்படும் நாளை உணர்த்துவதிற் பெரும்பங்கு பகற்பொழுதின் நீட்சிக்கும் குறுக்கத்திற்கும் உரியது. பகலின் அளவை ஆலைப்புகை மாற்றுவதில்லை. உணவை விளைப்பனவோ வெப்பமும் மழையும், அவை மாறிவிட்டன. வடபுலத்துப் பனி முந்தி உருகுவதால் பூச்சிகள் முந்திப் பெருகி முந்தி ஓய்கின்றன. வழக்கமான நாளிற் சென்று முட்டையிடும் பறவையின் குஞ்சு விழிக்கும்போது பந்தி முடிந்துவிடுகிறது. தெற்கே வந்து வடக்கே மீளும் நாரையைத் தூதுவிட்டார் சத்திமுற்றப் புலவர். அது காலம் தவறாது என்னும் நம்பிக்கையிலன்றோ விட்டார்!

மற்றொரு சான்று பெயரிலேயே உள்ளது. இக்கடற்கரையில் முட்டையிட வரும் ஆமை பங்குனி ஆமை எனப்படும். (பங்குனியை மீனத் திங்கள் என வழங்குவோர் இதனையும் மாற்ற முனைய வேண்டா. கடலோடிகள் பெயரில் எழுதி வைத்த நாட்குறிப்பு அது.) சுறவத்திலிருந்து மீனம் வரை கரையேறி, மணலிற் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுத் தாய் கடலுக்கு மீளும். 45 முதல் 60 நாள் வரை அடைகாப்பது மணலே. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதும் அம்மணலின் சூடே. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்குக் கீழ் ஆண் மிகும். மேல் பெண் மிகும். ஆத்திரேலியப் பெரும்பவளத் திட்டின் வடபகுதியில் இளம் பச்சையாமைகளுள் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை பெண் என 2018-இல் ஆய்வாளர் கண்டனர். ஆண் இன்றி எத்தனை தலைமுறை செல்லும்?

முந்தி வந்தால் சூட்டைத் தவிர்க்கலாமே எனின், சில ஆமைகள் அவ்வாறும் செய்கின்றன. புளோரிடாவில் பெருந்தலை ஆமைகள் 1989 முதல் 15 ஆண்டுகளில் முட்டையிடும் நாளை ஏறத்தாழ 10 நாள் முன்தள்ளிக்கொண்டன. ஆயின் ஆமை நாளை மாற்றினும் கரையை உண்டாக்கவியலாது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கல்லணைகள் வடக்கே நகரும் மணலைத் தடுக்கின்றன, வடகரை அரிக்கப்படுகிறது, கடல்மட்டமும் உயர்கிறது. மீஞ்சூர் நிலத்தடியில் கடல்நீர் ஏறியதை அறுபதுகளின் இறுதியிலிருந்தே இவ்வூர்க் கிணறுகள் சொல்லி வந்தன. கேட்டோர் சிலரே.

கிணறு சொன்னதை எழுதிவைக்கத் தவறியதுபோல் புள் சொல்வதையும் விட்டுவிடலாகாது. பூநாரை முதலில் இறங்கிய நாள், கழிமுகம் மணலால் அடைபட்ட நாள், முதல் ஆமை கரையேறிய இரவு — இவை பழவேற்காட்டு மீனவர்க்கு நினைவில் உள்ளன, ஏட்டில் இல்லை. மீஞ்சூர், பொன்னேரிப் பள்ளி மாணாக்கர் வரும் துலைத் திங்களிலேயே ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்லலாம். பெரியவர்களிடம் பழைய ஆண்டுகளின் கணக்கை முதலில் கேட்டெழுதுக. அவர்கள் அகவை எண்பதைக் கடந்தவர்கள்.