காலந்தாழும் விமானமும் பயணியின் உரிமையும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடி என்னும் ஊர் இருக்கின்றது. முந்திரிக்குப் பேர்போன வட்டாரம். மேற்கே நெய்வேலி நகரியம். இவ்வூரார் ஒருவர் சென்னையில் விடியற்காலை 5 மணி விமானத்தில் ஏறவேண்டுமானால், முதல் நாள் மாலையே மூட்டை முடிச்சுடன் புறப்பட்டாக வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துச் சென்றவரிடம், "விமானம் ஐந்து மணி நேரம் தாமதம்" என்று அறிவித்தால் அவர் என் செய்வார்? மயிலாப்பூர்வாசி வீடு சென்று குளித்து உண்டு வரலாம். இவருக்கோ நிலையத்து நாற்காலியே கதி. இத்தகைய பயணிக்குச் சட்டம் அளிக்கும் துணை யாது?

தாமதமானால் உடனே பணம் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டு விதி அவ்வாறு கூறவில்லை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010 ஆகஸ்டில் வெளியிட்டு, பின்னர்த் திருத்திய விதிகளின்படி, தாமதத்திற்கு முதற்கண் உரியது உணவும் சிற்றுண்டியுமே. இரண்டரை மணி நேரத்திற்குள் முடியும் பயணமாயின் 2 மணி நேரத் தாமதத்திலேயே இவ்வுரிமை பிறக்கும். அதனினும் நெடிய பயணமாயின் 3 அல்லது 4 மணி நேரம் பொறுக்க வேண்டும். தாமதம் 6 மணி நேரத்தைக் கடந்தால், மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கேட்கலாம். 24 மணி நேரத்தைக் கடந்தால் விடுதி அறை உண்டு. இரவு 8 மணி முதல் பின்னிரவு 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்திற்கு மேல் தாமதித்தாலும் அறை உண்டு. இவ்வளவும் உரிய நேரத்தில் வந்து பதிவு செய்துகொண்ட பயணிக்கே.

நம் குள்ளஞ்சாவடி நண்பரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவருடைய விமானம் 5 மணிக்குரியது. பத்து மணி நேரம் தாமதித்தாலும் விதிப்படி அறை கிடையாது! விதியை எழுதியோர் நிலையத்திற்கு அருகில் வாழ்வோரையே மனத்திற் கொண்டனர் போலும்.

பணமாக ஈடு கிடைப்பது, உரிய முன்னறிவிப்பின்றி விமானத்தை ரத்து செய்தாலும், இடமிருந்தும் ஏற்ற மறுத்தாலுமே. ரத்துக்குப் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். அன்றி அடிப்படைக் கட்டணமும் எரிபொருட் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றுள் எது குறைவோ அது. மூடுபனி, புயல் முதலாய நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணங்களுக்கு அதுவும் இல்லை. 2025 டிசம்பரில் விமானிகளின் பணிநேர விதிகளுக்கு ஏற்பத் திட்டமிடாமையால் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்திற்கும் மேல் ரத்தாயின. அதனை இயற்கையின் மேல் ஏற்றிச் சொல்ல எவராலும் இயலவில்லை.

மூடுபனியைப் பற்றி உச்சநீதிமன்றம் கூறியது அறியத்தக்கது. 2007 டிசம்பரில் தில்லியிலிருந்து ஹைதராபாத் செல்ல ஏறிய ஒருவர், ஏறத்தாழ 11 மணி நேரம் விமானத்திற்குள்ளேயே அடைபட்டிருந்தார். ஹைதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றம் அவருக்கு 10,000 ரூபாய் ஈடு வழங்கியது. 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. பனிக்கு நிறுவனம் பொறுப்பன்று என்றது. ஆயின் அத்துடன் நிற்கவில்லை. காரணம் எதுவாயினும், விமானத்தினுள் காத்திருப்போர்க்கு உணவு, நீர், கழிப்பறை வசதி அளிக்கும் கடமை நீங்காது. மலிவுக் கட்டண நிறுவனம் என்பதால் அக்கடமை குறையாது என்றும் தெளிவுபடுத்தியது. என் கருத்தில், அவர் இழந்த பத்தாயிரத்தைவிடப் பிற பயணிகளுக்கு இத்தீர்ப்புப் பெறுமதி மிக்கது.

ஐரோப்பாவில் நிலை வேறு. 2004ஆம் ஆண்டு விதியும் 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த விளக்கமும் சேர்ந்து, 3 மணி நேரத்திற்கு மேல் தாமதித்துச் சேரும் பயணிக்குத் தூரத்திற்கேற்ப 250 முதல் 600 யூரோ வரை உரிமை தந்தன. இந்தியா 2009இல் சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கை, பன்னாட்டுப் பயணத் தாமதத்தால் விளைந்த உண்மையான இழப்பை ஒரு வரம்பு வரை கேட்க இடமளிக்கின்றது. நியாயமான நடவடிக்கை அனைத்தையும் எடுத்ததாக நிறுவனம் மெய்ப்பித்தால் தப்பலாம். மெய்ப்பிக்கும் சுமை அதனுடையதே.

இவ்விடத்தில் ஓர் இரயில் வழக்கும் நினைவுக்கு வருகின்றது. 2016இல் ஜம்மு சேரவேண்டிய வண்டி நான்கு மணி நேரம் தாமதித்தது; ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பம் வாடகைக் காரில் சென்றது. தாமதத்திற்குக் காரணங்காட்டி மெய்ப்பிக்க இரயில்வே தவறியதால், ஈடு தரவேண்டும் என்று 2021 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. கார் வாடகை 15,000 ரூபாயும் அதில் அடங்கும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, பயணத்தில் தாமதம் நேர்ந்தால் முகவரிடம் சண்டையிடுமுன் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பயணச்சீட்டையும் செலவு இரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பயணி தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். குள்ளஞ்சாவடியார்க்குக் கடலூர் ஆணையமே போதும். தில்லிக்கோ மும்பைக்கோ செல்ல வேண்டுவதில்லை. செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.