நடையும் நலமும்



ஒரு முதியவரின் நலத்தை நாம் எவ்வாறு விசாரிக்கிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். “தாத்தா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டால், “நல்ல நடமாட்டமாக இருக்கிறார்” என்று விடை வரும். நோயுற்றவரைப் “படுத்துவிட்டார்” என்கிறோம். தேறியவரை “எழுந்து நடமாடுகிறார்” என்கிறோம். குருதியழுத்தமும் சர்க்கரை அளவும் இவ்விடைகளில் இடம்பெறுவதில்லை. உடல்நலத்தைத் தமிழ் அசைவைக் கொண்டே அளந்து வந்திருக்கிறது. இது வெறும் பேச்சு வழக்கு என்றே நாமும் நெடுங்காலம் கருதியிருந்தோம்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2011ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 34,485 பேரின் இயல்பான நடைவேகத்தை அது ஆராய்ந்தது. விரைந்து நடந்தவர்கள் பொதுவாக நீண்ட நாள் வாழ்ந்தனர். இதில் வியப்பில்லை. ஓர் அடி எடுத்து வைக்க இதயமும் நுரையீரலும் நரம்பும் தசையும் மூட்டும் கண்ணும் ஒருங்கே உழைக்க வேண்டும். அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் நடை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சிங்கப்பூர்ச் சாலைச் சந்திப்புகள் சிலவற்றில் மூத்தோர் தம் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு மேலும் சில நொடிகள் எரிகிறது. அந்தச் சில நொடிகளின் தேவை பாட்டிக்கு எப்போது தொடங்கியது என்பதை உடன் கடக்கும் பேரன் கவனித்திருந்தால், மருத்துவர் அறியுமுன் அவன் அறிந்திருப்பான்.

காத்தோங்கில் கூடியிருக்கும் நமக்கு இன்னுமொரு சான்று அருகிலேயே உண்டு. சிலோன் சாலையில் உள்ள செண்பக விநாயகர் ஆலயம், இலங்கைத் தமிழர் பேணி வளர்த்த திருத்தலம். பிள்ளையார் முன்னே காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவது நம் மரபு. முழங்காலை மடக்கி அமர்ந்து எழும் அச்செயலை உடற்பயிற்சிக் கூடங்களில் கட்டணம் பெற்றுக்கொண்டு கற்பிக்கிறார்கள்! பிரகாரத்தைச் சுற்றி வருவதும், தரையில் சம்மணமிட்டு அமர்வதும், கைத்தாங்கல் இன்றி எழுவதும் அங்கே வழிபாட்டின் பகுதிகள்.

தரையில் அமர்ந்து எழும் இச்செயலையே பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவும் அவர்தம் குழுவினரும் ஒரு சோதனையாக வகுத்தனர். கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறையும் மதிப்பெண் குறையும். முழு மதிப்பெண் 10. 51 முதல் 80 வயதுவரையிலான 2,002 பேரிடம் சோதித்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, குறைந்த மதிப்பெண் பெற்றோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். தோப்புக்கரணம் ஆயுளை நீட்டும் என்று இவ்வாய்வு நிறுவவில்லை. எழ முடிவது உடலின் நிலையைக் காட்டுகிறது என்பதே அதன் செய்தி.

அசைவு உடலைக் காக்கவும் செய்யுமா? சென்னையில் நடந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வழக்கம்போல் வாழ்ந்த பிரிவினரில் 55 விழுக்காட்டினரை நோய் பற்றியது. உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடக்குமாறு அறிவுறுத்தப்பட்ட பிரிவினரில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. அன்றாடம் நடந்தோ மிதிவண்டியிலோ ஏற்கெனவே உழைத்து வந்தவர்களிடம், அதையே தொடருங்கள் என்றுதான் சொன்னார்கள். வேலைக்கு நடந்து போவதும் அவர்கள் கணக்கில் மருந்தாயிற்று. நீரிழிவு மிகுந்த சமூகமாகிய நாம் மறக்கக்கூடாத ஆய்வு இது.

ஆனால் நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? “நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறோம். அன்பால்தான் சொல்கிறோம். நம் குடும்பத்து மூதாட்டி ஒருவர் காலையில் ஐந்தடிப் பாதை வழியே சந்தைக்குப் போய், கீரை வாங்கி, ஆய்ந்து, மீனும் கழுவி வைப்பார். ஒருநாள் கால் இடறிற்று, காயம் ஏதுமில்லை. அன்றே சந்தைப் பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். காய்கறி வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியது. குளியலறையில் முக்காலி, கூடத்தில் சாய்வு நாற்காலி, கைக்கெட்டும் தொலைவில் தொலைக்காட்சியின் விசை. ஓராண்டுக்குள் நாற்காலியிலிருந்து எழுவதற்கே இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. முதுமை என்று சொல்லி நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அதில் நம் பங்கு எவ்வளவு என்று உடலியக்கச் சிகிச்சையாளர் கேட்டபோது எவரும் வாய் திறக்கவில்லை.

அச்சிகிச்சையாளர் முதலில் கற்பித்தது நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதை மட்டுமே, ஒரு வேளைக்கு ஐந்து முறை. பிறகு கூடத்தின் நீளம், பிறகு மின்தூக்கி வரை. மூன்று மாதம் கழித்து ஐந்தடிப் பாதை. இப்போது வாரம் இருமுறை சந்தைக்குப் போகிறார். நாம் இரண்டடி பின்னால் நடக்கிறோம். பையைத் தருமாறு கேட்டால், கீரைக்கட்டு என்ன அவ்வளவு கனமா என்கிறார்.