அரைப் பேரும் வயிற்றுப் பிள்ளையும்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆண்களும் உள்ளே வந்து உட்காருங்கள். இது உங்களுக்குமான பேச்சுத்தான்.

"மாசமா இருக்கிறவ கவலைப்படக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது" என்று நம் லயங்களில் மூத்தவர்கள் சொல்வார்கள். சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் கடைசியில் தாயின் தலையில்தான் விழுகிறது. பிள்ளைக்கு எழுத்து ஏறவில்லையென்றால், "வயித்துல இருக்கப்பவே இவ அழுதுக்கிட்டே இருந்தா" என்கிறார்கள். அவளை அழவைத்தது எது என்று கேட்பதில்லை. அதை இன்று நாம் கேட்போம்.

பயம், களைப்பு, பசி வரும்போது உடம்பில் கோர்டிசோல் என்ற ஒரு சுரப்பு கூடுகிறது. அது விஷமல்ல. காலையில் நம்மை எழுப்பிவிடுவதும் அதுதான். பிள்ளை வளரவும் அதில் கொஞ்சம் வேண்டும். தாயின் உடம்பிலுள்ள அந்தச் சுரப்பில் பெரும்பங்கை நச்சுக்கொடி உடைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் உள்ளே விடுகிறது. ஆகவே ஒரு நாள் சண்டை, ஒரு நாள் அழுகையால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். பசியும் பயமும் மாதக்கணக்கில் நீண்டால்தான் அந்தக் காவல் தளர்கிறது. கவனம், ஞாபகம், பயத்தை அடக்கும் சக்தி, இவற்றுக்கான மூளைப் பகுதிகள் உருவாகத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான்.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிமழை பெய்து மின்கம்பங்கள் சரிந்தன. 30 இலட்சம் பேருக்கு மேல் மின்சாரம் இல்லை. சில இடங்களில் அது ஒரு மாதத்துக்கும் மேலாக, கடும் குளிரில். அந்த நேரம் கர்ப்பிணிகளாக இருந்த தாய்மாரையும் பிறந்த பிள்ளைகளையும் சுசான் கிங் என்ற ஆராய்ச்சியாளரின் குழு வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. அவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக அளந்தார்கள். ஒன்று, பட்ட கஷ்டம்: எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டை விட்டுப் போக நேர்ந்ததா, எவ்வளவு நட்டம்? மற்றது, தாயின் மனம் எவ்வளவு கலங்கியது என்பது. கஷ்டம் கூடிய தாய்மாரின் பிள்ளைகள் 2 வயதிலும், பிறகு ஐந்தரை வயதிலும், பேச்சிலும் அறிவுச் சோதனையிலும் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். அந்தப் பின்னடைவு தாயின் கலக்கத்தோடு அல்ல, அவள் பட்ட கஷ்டத்தின் அளவோடுதான் பொருந்தியது. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலானோர் வசதியான குடும்பத்தார்.

தோழர்களே, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டு ஓடியவர்களை நாம் பார்த்தோம். அவர்களில் வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1944, 45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது வயதை நெருங்கும்போதும் சோதித்தார்கள். பஞ்சத்தின் தொடக்க மாதக் கருவாக இருந்தவர்களுக்குக் கவனத்தைச் சோதிக்கும் தேர்வு கடினமாக இருந்தது. நமக்கும் 1973, 74இல் ஒரு பஞ்சம் வந்தது. கூப்பன் அரிசி குறைந்தது, மாவு கிடைக்கவில்லை, தோட்டங்களில் சாவு கூடியது, பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. அந்த வருடங்களில் வயிற்றில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இந்த மண்டபத்திலும் இருப்பார்கள்.

இனி நமது மலைக்கு வருவோம். ஏழு மாத வயிற்றோடு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, மழையில் படங்கு கட்டி, சரிவில் ஏறுகிற பிள்ளைக்கு நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் அன்றைக்கு அரை வயிறு. இதை அவளுடைய கவலை என்று சொல்லி, "தைரியமா இரும்மா" என்று புத்தி சொல்லி அனுப்புவது நியாயமா? கியூபெக்கில் அளந்த கஷ்டம் போல இதுவும் அளக்கக்கூடிய கஷ்டம். அதனால் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கக்கூடியது.

சட்டம் ஏற்கெனவே நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிரசவத்துக்கு முந்திய 3 மாதமும் பிந்திய 3 மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலையைக் கொடுக்கக் கூடாது. 12 வாரம் சம்பளத்தோடு லீவு. முன்பு மூன்றாவது பிள்ளையென்றால் 6 வாரம்தான். 2018 திருத்தத்துக்குப் பிறகு எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே. ஆனால் சரிவில் கொழுந்து எடுப்பது "கேடு தரும் வேலை" என்று யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். இலேசான வேலை கொடுக்கும்போது பேரையும் பாதியாக்கினால், எந்தப் பிள்ளையும் அந்த வேலையைக் கேட்டு வரமாட்டாள். மறைத்துக்கொண்டு மலைக்கே போவாள். ஆகவே நமது கோரிக்கை: கிலோக் கணக்கில்லாத இலேசான வேலை, முழுப் பேர்.

ஆண் தோழர்களுக்கு ஒன்று. குடித்துவிட்டு வந்து கைநீட்டுவதும் இந்தக் கஷ்டத்தில்தான் சேரும். துரையிடம் கேட்பதற்கு முன் அதை நிறுத்துங்கள். கிளினிக் நாளில் மூத்த பிள்ளைகளை நீங்கள் பாருங்கள், திரிபோஷா பக்கெட்டை வீடு முழுக்கப் பங்கு போடாமல் அவளுக்கே விடுங்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே சொன்னவை சராசரிகள். ஒரு பிள்ளையைக் காட்டி, "இது வயிற்றிலேயே கெட்டுப்போனது" என்று சொல்ல எந்த ஆராய்ச்சியும் இடம் தரவில்லை. பிறந்த பிறகும் மூளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தூக்கிப் பேசுகிற, வயிறார ஊட்டுகிற, கதை சொல்கிற வீட்டிலும் பிள்ளைக் காம்பராவிலும் நிறையவே சரியாகிறது. வகுப்பில் நிலைகொள்ளாத பிள்ளையை "மண்டு" என்று கூப்பிடும் பழக்கம் எங்களிடமும் ஒழிய வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: கர்ப்பம் தெரிந்ததும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் பதிந்து, கிளினிக் அட்டையின் பிரதியோடு நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். கொடுத்த திகதியைக் குறித்து வையுங்கள். அதன் பிறகும் மலையில் ஏற்றினாலோ அரைப் பேர் போட்டாலோ, அந்த நாளையும் கிலோவையும் எழுதி மாதர் தலைவியிடம் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் பின்னேரம் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.