சயாம் சென்று மீண்டவர்களும் ஆறாத மனப்புண்ணும்



அம்பிகையின் திருவிழாவில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அம்மை கண்டாலும் அச்சம் கண்டாலும் தோட்டத்து மக்கள் முதலில் ஓடி வந்தது இச்சந்நிதிக்குத்தானே!

1942, 1943ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் அமைத்தனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நெகிரி செம்பிலான் லயங்களும் ஆண்மக்களைப் பறிகொடுத்தன. சரக்கு ரயிலில் பான்போங் வரை பயணம். பின்னர் காட்டு வழியில் நடை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாக மாய்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்தன. இறந்த தமிழருள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை.

மீண்டவர்கள் மறுபடியும் பால்மரம் வெட்டினர். உடல் தேறியது, மனம் தேறவில்லை. நள்ளிரவில் அலறி எழுதல், சிறு ஓசைக்கும் நடுங்குதல், அந்நாட்களின் பேச்சு எழுந்தால் எழுந்து போய்விடுதல், காரணமற்ற சினம், கள்ளே கதி என்றிருத்தல் – இவற்றைப் பேய் பிடித்தது என்றனர் சிலர். குடிகாரன் என்றனர் பலர். மனைவி மக்களும் அடிபட்டனர். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் கிடைத்தது, வியட்நாம் போருக்குப் பின், 1980இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில்தான். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் என்று தமிழில் கூறலாம். நடந்து முடிந்ததை முடிந்ததாக மனம் ஏற்காமல், இப்போது நடப்பதாகவே உடலை நடுங்கச் செய்வது இதன் இயல்பு. கோழைத்தனம் அன்று, செய்வினையும் அன்று.

சயாம் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டனர். நோய் மறையவில்லை. நெடுஞ்சாலை விபத்தில் தப்பியவர், ஆலை இயந்திரத்தில் விரல் இழந்தவர், வீட்டுக்குள்ளேயே அடிபடும் பெண் ஆகியோரையும் அது பற்றும்.

தேர்ந்த மனநல மருத்துவரோ உளவியலாளரோ உடனிருக்க, அஞ்சிய நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்வதே முதன்மைச் சிகிச்சை. வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் நடைபெறும், பலர் நலமடைகின்றனர். செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் துணை செய்யும். விபத்து நடந்த மறுநாளே, "எல்லாவற்றையும் சொல்லிவிடு" என்று வற்புறுத்துவது நலம் தராது. தூக்க மாத்திரையையும் மதுவையும் நம்பினால் நோய் நீளும். திருநீறு பூசிக்கொள்வதை எந்த மருத்துவரும் தடுப்பதில்லை. மருத்துவரிடம் போவதை அம்பிகையும் தடுப்பதில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் இக்குறிகள் நீடித்தால் அரசாங்க கிளினிக்கில் சொல்லலாம். வேண்டுமாயின் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அங்கிருந்து கடிதம் தருவர். வீட்டார் ஒருவர் உடன் செல்வது நன்று. தூக்கம் எந்நாள் முதல் கெட்டது என்று மருத்துவர் கேட்பார். நோயாளி பெரும்பாலும் அதைச் சொல்ல மாட்டார்.